கூடுதல் காசு எதற்குப் போடலாம், எதற்கு வேண்டாம்? ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, சார்ஜர், கேபிள்

செம்பவாங்காரன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் அதன் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். 1968இல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியது, 1971இல் பிரிட்டிஷார் கிளம்பியது, அதற்குப் பிறகு எந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பியது, எது இங்கேயே தங்கியது என்று எல்லாம் அவர்கள் வாயாலேயே சொல்கிறார்கள். பேசியவர்களில் சிலர் இப்போது இல்லை.

ஒலியும் வீடியோவும் சேர்ந்து 1.5 டிபி ஆகிவிட்டது, இன்னும் கூடும். சங்கத்தில் ஆயிரம் வெள்ளிக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். ஒருத்தர் "இருப்பதிலேயே விலை உயர்ந்த எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்) ஒன்று வாங்கிவிடு" என்கிறார். இன்னொருத்தர் "எல்லாம் ஒரே சரக்குதான், பெயருக்குத்தான் காசு, ஆன்லைனில் மலிவாக எடு" என்கிறார். சேமிப்பு மட்டுமல்ல, மெமரி கார்டு, சார்ஜர், கேபிள், எக்ஸ்டென்ஷன் எல்லாமே வாங்க வேண்டும். எந்தப் பொருளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம், எதற்கு வீண்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக் பையன்

4 டிபி எஸ்எஸ்டி, நல்ல பிராண்ட், 5 வருட வாரண்டி. ஒன்று வாங்கினால் போதும், வேலை முடிந்தது. மலிவாக வாங்கி இரண்டு தடவை செலவு செய்வதை விட இது மேல்.

வட்டுத் தொழிலாளி

தம்பி புக்கிட் பாத்தோக், மற்ற பொருளுக்கு நீங்கள் சொல்வது சரி, இந்த வேலைக்குச் சரியில்லை. வாரண்டி என்ன தரும்? பழுதானால் புது டிஸ்க் தரும். அதற்குள் இருந்த பெரியவரின் குரலைத் தராது. வாரண்டித் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் தரவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றுதான் எல்லா நிறுவனமும் எழுதியிருக்கும்.

நான் அங் மோ கியோவில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். இளையவர்கள் பலருக்குத் தெரியாது, சீகேட் 1982இல் இங்கே வந்தது, அதன் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள், உலகத்திலேயே அதிகமாக ஹார்ட் டிஸ்க் தயாரித்த ஊராகச் சிங்கப்பூர் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த லைனில் நின்றவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்: எவ்வளவு சோதனை செய்து அனுப்பினாலும் ஒரு பங்கு செத்துத்தான் போகும். அது எந்த டிஸ்க் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன் கூடத்தில் ஓடும் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளில் எத்தனை பழுதாயின என்று பல வருடங்களாக வெளியிட்டு வருகிறது. 2023இல் ஆண்டுப் பழுது விகிதம் 1.40 விழுக்காடு, 2024இல் 1.57. குளிரூட்டிய அறையில், ஆடாமல் அசையாமல் இருக்கும் டிஸ்க்குகள் அவை. பையில் போட்டு எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு போகும் நம் டிஸ்க்குக்கு இன்னும் கூடத்தான் இருக்கும். சரி, 1.5 என்றே வைத்துக்கொள்வோம். இரட்டிப்பு விலை கொடுத்து அதைப் பாதியாகக் குறைத்தாலும் 0.75 விழுக்காடு ஆபத்து அப்படியே இருக்கிறது. அதே காசுக்குச் சாதாரண டிஸ்க் இரண்டு வாங்கினால் ஒன்று பழுதாகி, அதற்கு மாற்று வாங்கும் ஒரு வாரத்துக்குள் மற்றதும் பழுதாவதற்கு வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று. எது லாபம் என்று நீங்களே பாருங்கள்.

அதனால் செம்பவாங் தம்பி, சேமிப்புக்குக் கூடுதல் காசு இருந்தால் அதைத் தரத்தில் போடாதீர்கள், இன்னொரு நகலில் போடுங்கள். மூன்று நகல் வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். தீ, தண்ணீர், திருட்டு, மின்னல் எல்லாம் ஒரு வீட்டில் இருக்கும் டிஸ்க்குகளை ஒன்றாகத்தான் கொண்டுபோகும்.

புக்கிட் பாத்தோக் பையன்

அண்ணே, அப்படியானால் இருப்பதிலேயே மலிவானதை நாலு வாங்கிவிடலாமே? ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி நாற்பது வெள்ளிக்குப் பார்த்தேன்.

வட்டுத் தொழிலாளி

அதைத் தொடவே வேண்டாம். அது மலிவுப் பொருள் கிடையாது, மோசடி. உள்ளே 64 ஜிபியோ 128 ஜிபியோ ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும், அதன் கன்ட்ரோலர் மட்டும் "நான் 16 டிபி" என்று கணினிக்குப் பொய் சொல்லும். காப்பி போட்டால் போடும், எர்ரர் காட்டாது, ஃபைல் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். உண்மையான இடம் நிரம்பியதும் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும், அல்லது எழுதுகிற மாதிரி காட்டிவிட்டு எங்கேயும் எழுதாது. திறந்து பார்க்கிற அன்றைக்குத்தான் தெரியும். பெரியவர்களின் பேட்டி இதில் மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

எங்கே வாங்கினாலும் புது டிஸ்க்கை, புது கார்டை முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டுமே இலவசம். பெரிய டிஸ்க் என்றால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

நான் "சாதாரண டிஸ்க்" என்று சொன்னது பெயர் தெரிந்த நிறுவனத்தின் நடுத்தர மாடலை. அடிமட்டத்துக்குப் போகச் சொல்லவில்லை.

படம்பிடிப்பவன்

கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். கார்டு விஷயத்தில் கொஞ்சம் சொல்கிறேன், இதில்தான் பலர் தேவையில்லாத இடத்தில் கொட்டி, தேவையான இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஒலிப் பதிவுக்கு வேகமான கார்டு தேவையே இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று பதிவு செய்தால் விநாடிக்கு 288 கேபி, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. எந்தப் பழைய கார்டும் இதைத் தாங்கும். 4கே வீடியோ 100 மெகாபிட்டில் எடுத்தாலும் விநாடிக்கு 12.5 எம்பிதான். கார்டில் வி30 என்று போட்டிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள், அதுவே தாராளம். வி90 கார்டு பல மடங்கு விலை, உங்கள் வேலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆனால் அந்த வி30 கார்டு அசலாக இருக்க வேண்டும், அதற்குக் கொடுங்கள். பெரிய பிராண்டுகளின் பெயரிலேயே போலி கார்டுகள் உலவுகின்றன, அட்டைப் பெட்டி வரைக்கும் அப்படியே அச்சடிக்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ஐந்து பத்து வெள்ளி கூடத்தான் ஆகும், ஆகட்டும். கேமராவில் இரண்டு கார்டு இடம் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வையுங்கள். முகூர்த்தம் முடிந்த பிறகு "தாலி கட்டும் காட்சி இல்லை" என்று மணமகளின் அம்மாவிடம் போய் நிற்க முடியாது, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருமே இதனால்தான் இரண்டு இடம் உள்ள கேமரா வாங்குகிறார்கள். கேமராவில் கூடுதல் விலை நியாயமாகிற இடம் இதுதான் என்பேன்.

அப்புறம் நம் ஊர் ஈரம். லென்சில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்ய ஆகும் செலவுக்குச் சின்ன ட்ரை கேபினட்டே வாங்கிவிடலாம். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் போதும். கார்டு, அலமாரியில் வைக்கிற டிஸ்க், மைக் எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவையுங்கள். இதற்கு நான் யோசிக்காமல் காசு போடச் சொல்வேன்.

பொங்கோல் அம்மா

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சார்ஜர் பற்றி யாராவது சொல்லுங்களேன். பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட், ராத்திரி முழுக்க படுக்கைப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. கடையில் ஐந்து வெள்ளிக்கும் இருக்கிறது, ஐம்பது வெள்ளிக்கும் இருக்கிறது. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கிறது.

ஜூரோங் மின்னாளர்

அக்கா, ஹார்ட் டிஸ்க்கை விட முக்கியமான கேள்வி இது. ஹார்ட் டிஸ்க் போனால் ஃபைல் போகும், சார்ஜர் போனால் வீடே போகலாம்.

சார்ஜருக்குள் ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் பிள்ளை கையில் பிடித்திருக்கும் டேப்லெட். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் போர்டில் விட்டிருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். மலிவு சார்ஜரில் அந்த இடைவெளியைத்தான் குறைப்பார்கள், காப்பு டேப்பை விட்டுவிடுவார்கள், ஃபியூஸ் போட மாட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால்தான் நம் ஊரில் சட்டம் வைத்திருக்கிறார்கள். ஏசி அடாப்டர், மூன்று முனை பிளக், எக்ஸ்டென்ஷன் எல்லாம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை, பாதுகாப்பு முத்திரையும் பதிவு எண்ணும் இல்லாமல் இங்கே விற்கக் கூடாது. முத்திரையே போலியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அந்த எண்ணைப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

வெளிநாட்டுக் கடையிலிருந்து நேராக வரும் இரண்டு முனை சார்ஜர், கூடவே ஒரு குட்டி அடாப்டர், இந்த ஜோடி வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நம் மூன்று முனை பிளக் பிஎஸ் 1363 என்ற பிரிட்டிஷ் தரத்தில் வருவது, கேபிள் வைத்த பிளக்கில் ஃபியூஸ் இருக்கும், முனைகளின் அடிப்பாகத்தில் காப்பு உறை இருக்கும். அந்தக் குட்டி அடாப்டர் பலவற்றில் இவை எதுவும் கிடையாது.

ஐம்பது வெள்ளி சார்ஜர் தேவையா என்றால், தேவையில்லை. டேப்லெட்டுக்கு 20, 30 வாட் போதும், முத்திரை உள்ள இருபது வெள்ளிச் சார்ஜரே பாதுகாப்பானது. அதற்கு மேல் நீங்கள் கொடுக்கிற காசு வாட்டுக்கும் அளவு சிறிதாக இருப்பதற்கும்தான் போகிறது. மடிக்கணினியையும் அதிலேயே போட வேண்டும் என்றால் 65 வாட் வாங்குங்கள், அப்போது விலைக்கு அர்த்தம் உண்டு. படுக்கை மேலே, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதை மட்டும் எந்த விலை சார்ஜராக இருந்தாலும் நிறுத்துங்கள் அக்கா.

பொங்கோல் அம்மா

ரொம்ப நன்றி. இப்போதே போய்ப் பார்த்தேன், இரண்டில் முத்திரை இல்லை, கழற்றிவிட்டேன். பவர் பேங்க்குக்கும் இதே கதைதானா?

ஜூரோங் மின்னாளர்

இன்னும் கொஞ்சம் மோசம், ஏனென்றால் லித்தியம் பேட்டரி தானே தீப்பிடிக்கக் கூடிய பொருள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல பிராண்ட் என்றால் பழுதே வராது என்று நினைக்காதீர்கள். 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் ஒரு 10,000 எம்ஏஎச் மாடலை அமெரிக்காவில் மட்டும் 1.1 மில்லியனுக்கும் மேல் திரும்பப் பெற்றது, தீ அபாயம் என்று. இதைக் காட்டிச் சிலர் "பார், பிராண்டும் அப்படித்தான்" என்கிறார்கள். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். வரிசை எண் போட்டுப் பார்த்து உங்களுடையது அந்தத் தொகுதியா என்று தெரிந்துகொள்ள முடிந்தது, மாற்றியும் தந்தார்கள். பெயர் தெரியாத பவர் பேங்க்கில் அதே செல் இருந்திருந்தால் யார் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்? தவறு நடந்தால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்குத்தான் அந்தக் கூடுதல் பத்துப் பதினைந்து வெள்ளி. பேட்டரி உள்ள எதற்கும் நான் அதைக் கொடுப்பேன்.

செம்பவாங்காரன்

மின்னாளர் அண்ணே, கேபிளும் அப்படித்தானா? கடைக்காரர் ஒருத்தர் எச்டிஎம்ஐ கேபிளுக்கே தொண்ணூறு வெள்ளி சொன்னார், தங்க முலாம், படம் தெளிவாக வரும் என்றார்.

ஜூரோங் மின்னாளர்

எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். வந்து சேர்ந்தால் முழுதாக வரும், சேரவில்லை என்றால் படம் வெட்டும், புள்ளி புள்ளியாகத் தெரியும், கறுப்பாகும். தொண்ணூறு வெள்ளிக்குத் தெளிவு கூடாது. 48 கிகாபிட் வேண்டும் என்றால் அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற சான்று ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள், மலிவாகவே கிடைக்கும். பத்துப் பதினைந்து மீட்டர் இழுக்க வேண்டும் என்றால்தான் செலவு செய்ய வேண்டிய நிலை.

யுஎஸ்பி-சி வேறு கதை. அதில் கரண்ட் போகிறது. கூகல் பொறியாளர் பென்சன் லியுங் 2015, 2016இல் மலிவு கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதினார். பலவற்றில் ரெசிஸ்டர் தவறாக இருந்தது, அதாவது கொடுக்கும் பக்கத்தால் தாங்க முடியாத அளவு கரண்டைத் தொலைபேசி கேட்டு இழுக்கும். ஒரு கேபிளில் கம்பியே மாற்றி இணைத்திருந்தார்கள், அவருடைய மடிக்கணினியையே அது பாழாக்கியது. இப்போது நிலைமை அந்த அளவுக்கு இல்லை. இருந்தாலும் 60 வாட்டுக்கு மேல் வேண்டும் என்றால் உள்ளே இ-மார்க்கர் சிப் (கேபிள் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று சொல்லும் சிப்) உள்ள கேபிள்தான் வேண்டும், அதைத் தெரிந்த பிராண்டில் வாங்குங்கள். வெளி எஸ்எஸ்டிக்கு இன்னொரு கவனம்: சார்ஜ் போட மட்டும் செய்த கேபிளில் வேகம் 480 மெகாபிட்தான். டிஸ்க் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதோடு நின்றுவிடும். பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

தெம்பனிஸ் நிரலாளர்

யாருமே க்ளவுட் பற்றிப் பேசவில்லையே? 2 டிபி மாதம் 9.99 அமெரிக்க டாலருக்குக் கிடைக்கிறது. டிஸ்க், ஈரம், பூஞ்சை எதுவும் கவலையில்லை. நிறுவனமே பல இடங்களில் நகல் வைத்துக்கொள்கிறது.

வட்டுத் தொழிலாளி

ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 600 அமெரிக்க டாலர், அதோடு முடியவும் முடியாது. அட்டை காலாவதியாகிப் பணம் கட்டாமல் விட்டாலோ கணக்கு வைத்திருந்தவர் சங்கத்தை விட்டுப் போனாலோ அதோடு போச்சு. இன்னொன்று, ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. வீட்டுக் கணினியில் தெரியாமல் அழித்தால் க்ளவுடிலும் அழியும், குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் அதுவும் இல்லை.

ஆனால் "வேறு இடத்தில் ஒரு நகல்" என்பதற்கு க்ளவுட் நல்ல வழி, மறுக்க மாட்டேன். வீடியோவை விட்டுவிட்டு ஒலியையும் எழுத்துப்படிகளையும் மட்டும் போட்டால் சின்னத் திட்டமே போதும்.

தெம்பனிஸ் நிரலாளர்

ஒத்திசைவு பற்றிச் சொன்னது சரிதான், ஐயா. ஆனால் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் காப்புச் சேவைகளும் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். உறவினர் வீட்டில் வைத்த டிஸ்க்கை வருடக்கணக்கில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். தானாக நடக்கிற காப்புக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை என்பதுதான் என் கட்சி. சங்கத்தில் பொறுப்பாளர் மாறிக்கொண்டே இருப்பார், இயந்திரம் மறக்காது.

படம்பிடிப்பவன்

இதில் நிரலாளர் பக்கம்தான் நான்.

உட்லண்ட்ஸ் வாசகி

எஸ்எஸ்டியில் டிஎல்சி, க்யூஎல்சி என்கிறார்களே, அதில் எதற்குக் கூடக் கொடுப்பது? நான் மடிக்கணினிக்குள் போட வாங்குகிறேன்.

தெம்பனிஸ் நிரலாளர்

ஒரு செல்லில் மூன்று பிட் எழுதினால் டிஎல்சி, நான்கு எழுதினால் க்யூஎல்சி. நான்கு பிட்டை நெருக்கி எழுதுவதால் மெதுவாக எழுதும், சீக்கிரம் தேயும். வாரண்டியிலேயே தெரியும், சாம்சங்கில் 870 எவோ 1 டிபி 600 டெராபைட் எழுதும் வரை, 5 வருடம். 870 க்யூவோ 1 டிபி 360 டெராபைட், 3 வருடம்.

ஆனால் வீட்டில் ஒருவர் நாளுக்கு 30 ஜிபி எழுதினால் கூட வருடத்துக்கு 11 டெராபைட்தான் ஆகும். 360ஐத் தொட முப்பது வருடத்துக்கு மேல் வேண்டும். தேய்மானத்துக்குப் பயந்து யாரும் கூடக் கொடுக்க வேண்டாம். வேகத்துக்காகக் கொடுக்கலாம். அந்த 1 டிபி க்யூவோவில் முதல் 42 ஜிபி வேகமாக எழுதும், அதற்குப் பிறகு விநாடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும், ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாக. வீடியோக்காரர்கள் தினமும் 200 ஜிபி இறக்குகிறார்கள் என்றால் டிஎல்சி வாங்குவது நியாயம். மின்னஞ்சலும் பள்ளிப் பாடமும் என்றால் வித்தியாசம் தெரியாது.

பிராண்ட் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. டிஎல்சியில் தொடங்கிய க்ரூஷியல் பி2 எஸ்எஸ்டி, 2021இல் பெயர் மாறாமலேயே க்யூஎல்சிக்குப் போனது. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நாஸ்க்கு (நெட்வொர்க்கில் இணைத்து எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) என்று விற்ற ரெட் வரிசையின் சில டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் முறை (தடங்களை ஒன்றன் மேல் ஒன்று படியும்படி எழுதுவது, திரும்ப எழுதும்போது மெதுவாகும்) இருந்ததை முதலில் சொல்லவே இல்லை, கேள்வி எழுந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள், அப்புறம்தான் ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். 2023இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வெளி எஸ்எஸ்டிகள் திடீரென்று தரவை இழந்தன, அவை மலிவுப் பொருள் இல்லை. வட்டுத் தொழிலாளி ஐயா சொன்ன இரண்டாவது நகலுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு நகலும் ஒரே மாடலில் இருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் பாத்தோக் பையன்

சரி, இப்போது புரிகிறது. பெரிய டேட்டா சென்டர் டிஸ்க்குகள் பாதி விலைக்கு "புதிது" என்று வருகின்றனவே, அவை?

வட்டுத் தொழிலாளி

பயன்படுத்தியது என்று சொல்லி விற்றால் விலை பார்த்து, சோதித்து, மூன்றாவது நகலுக்கு எடுக்கலாம். புதிது என்று சொன்னால் கவனம். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் வெளியானது, பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை (எத்தனை மணி நேரம் ஓடியது என்று டிஸ்க் தானே வைத்திருக்கும் பதிவு) பூஜ்யமாக்கிப் புதிது என்று பல நாடுகளில் விற்றிருக்கிறார்கள். ஃபார்ம் என்று இன்னொரு பதிவு டிஸ்க்குக்குள் இருக்கிறது, அதில் உண்மையான மணி நேரம் தெரிந்துவிட்டது. ஸ்மார்ட்சிடிஎல் என்ற மென்பொருள் கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேக்கா பக்கத்து வீடு

எங்கே வாங்குவது என்பதையும் பேசுங்கள். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் அதே பொருள் மூன்று விலையில் இருக்கும். கேட்டால் "இது லோக்கல் செட், இது எக்ஸ்போர்ட் செட்" என்பார்கள். எக்ஸ்போர்ட் செட்டுக்கு இங்கே இருக்கும் சேவை நிலையத்தில் வாரண்டி கிடைக்காமல் போகலாம், கடைக்காரரே பொறுப்பு. வித்தியாசம் பத்து வெள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு லோக்கல் செட் எடுங்கள். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் என்றால், பொருளும் எளிதில் பழுதாகாத வகை என்றால், எக்ஸ்போர்ட் செட்டில் தப்பில்லை. நான் லென்ஸ் அப்படித்தான் வாங்கினேன்.

இங்கே உள்ள கடையில் வாங்குவதில் இன்னொரு பலம் லெமன் சட்டம். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. வாரண்டி அட்டை இல்லாவிட்டாலும் இது உண்டு. மசியவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை, வழக்கறிஞரும் வேண்டாம். தனி ஆளிடம் பழைய பொருள் வாங்கினால் லெமன் சட்டம் வராது, ரசீது கொடுக்காத கடையிடம் போராடுவதும் கஷ்டம். பெயர் தெரியாத வெளிநாட்டு ஆன்லைன் விற்பனையாளரை நீங்கள் எங்கே போய்ப் பிடிப்பது? அவர்களிடம் கேபிள் கட்டும் பட்டை, தொலைபேசி உறை, இப்படி வாங்கிக்கொள்ளலாம்.

செம்பவாங்காரன்

எல்லாருக்கும் நன்றி. இப்படி யோசித்திருக்கிறேன்: வேலை பார்க்க 2 டிபி டிஎல்சி வெளி எஸ்எஸ்டி ஒன்று, வெவ்வேறு நிறுவனத்தின் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்று சங்கத்தில், இன்னொன்று என் அண்ணன் வீட்டில் தெம்பனிஸில். ஒலி மட்டும் க்ளவுடில். மீதிக் காசுக்குச் சின்ன ட்ரை கேபினட். நாஸ் வேண்டாம் என்று நினைக்கிறேன். அலமாரியில் வைக்கவும் எஸ்எஸ்டியே நல்லது என்கிறாரே ஒருத்தர், அசையும் பாகம் இல்லை என்று?

வட்டுத் தொழிலாளி

திட்டம் நன்றாக இருக்கிறது. அலமாரிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். எஸ்எஸ்டியில் தரவு இருப்பது செல்லுக்குள் அடைத்த மின்னேற்றமாக, அது மெல்ல மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். வீட்டு எஸ்எஸ்டிக்கு ஜெடெக் (சிப் துறைக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தரம் கேட்பது, எழுதித் தேய்ந்த நிலையில், கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பதுதான். புதிய எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு தாங்கும், உண்மை. ஆனால் 30 டிகிரி என்பது நமக்கு ஜன்னல் சாத்திய அறையின் சாதாரண மதியம். ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் எழுதுகிறது, அலமாரியில் கிடப்பதற்கு அதுதான் பொருத்தம், டிபிக்கு விலையும் குறைவு. வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டையும் எடுத்து ஓடவிட்டு, ஃபைல்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று செக்சம் (ஃபைலிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டுச் சரிபாருங்கள். தேதியைச் சங்க நாட்காட்டியில் எழுதிவிடுங்கள், நீங்கள் பொறுப்பில் இல்லாவிட்டாலும் அடுத்தவர் பார்ப்பார்.

வாங்குவதைத் தள்ளிப் போடவும் வேண்டாம். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி ஹார்ட் டிஸ்க் விலை சில வாரத்தில் எங்கேயோ போனது. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதால் மெமரியும் எஸ்எஸ்டியும் ஏறிவிட்டன. விலை இறங்கட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் உங்களிடம் ஒரே ஒரு நகல்தானே இருக்கிறது?

ஜூரோங் மின்னாளர்

நாஸ் இப்போது வேண்டாம் என்பது சரி. பின்னால் வாங்கினால் கூடவே ஒரு சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வாங்குங்கள். நம் ஊரில் கரண்ட் போவதில்லை, எதற்கு யூபிஎஸ் என்று கேட்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாட்டர் ஹீட்டரில் மின்கசிவு வந்தால் ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்து முழு வீடும் அணையும், அந்த நேரத்தில் நாஸ் எழுதிக்கொண்டிருந்தால் சிக்கல். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு வாங்குகிற ஸ்டெபிலைசர் இங்கே தேவையில்லை, அதற்குக் காசு போடாதீர்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதியது வாங்கியதும் பழைய டிஸ்க்கை என்ன செய்வது? உள்ளே குடும்பப் படம், வங்கிக் கடிதம் எல்லாம் இருக்கிறது.

தெம்பனிஸ் நிரலாளர்

2021 ஜூலை முதல் மின்னியல் கழிவுக்குத் தனித் திட்டம் நடக்கிறது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். எந்தப் பெட்டி எதை ஏற்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். போடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுக்க ஒரு முறை பூஜ்யம் எழுதுங்கள், வெறும் ஃபார்மேட் போதாது. எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளரின் மென்பொருளில் செக்யூர் இரேஸ் இருக்கும், அதைச் செய்யுங்கள். ஓடவே ஓடாத ஹார்ட் டிஸ்க் என்றால் மூடியைத் திறந்து தட்டைக் கீறிவிட்டுப் போடலாம். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, உடைந்து தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி

நன்றி. எங்கள் சமூக மன்றத்தில் பெட்டி இருக்கிறது, பார்த்திருக்கிறேன். அழித்துவிட்டு அங்கேயே போடுகிறேன்.